முதலில் கையை வைத்துப் பார்

ரிப்பேருக்கு வரும் எந்தக் கம்ப்யூட்டர் பெட்டியையும் திறப்பதற்கு முன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி என்றால் மேலே, பக்கவாட்டில், பின்னால் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் காற்று வெளிவரும் இடத்தில் என்று மூன்று இடங்களில் வைப்பேன். இது கிட்டத்தட்ட முப்பது வருடப் பழக்கம். கற்றுக்கொடுத்தவர் என் முதல் முதலாளி.

1996இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சென்னை ரிச்சி தெருவுக்கு வேலைக்கு வந்தேன். மவுண்ட் ரோடை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவும், அதோடு சேர்ந்த நரசிங்கபுரம் தெருவும், வாலர்ஸ் ரோடும் ஒரு காலத்தில் ரேடியோ சாமான்களுக்குப் பேர்போனவை. நான் வந்தபோது கம்ப்யூட்டர் கடைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. முதலாளியும் ரேடியோ மெக்கானிக்காக இருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். வால்வு ரேடியோ காலத்திலிருந்தே சூட்டைத் தொட்டுப் பார்த்துப் பழகிய கை அவருடையது.

“டேய் தம்பி, ஸ்குரூ டிரைவரை அப்புறம் எடு. முதல்ல கையை வச்சுப் பாரு” என்பார். 

அப்போது வந்த பென்டியம் ப்ராசசர்களில் பல பத்துப் பன்னிரண்டு வாட்டுக்குமேல் போகாது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஹீட்சிங்க், அதன்மேல் ஒரு சின்ன விசிறி, அவ்வளவே போதும். எனவே அந்த நாட்களில் எங்கள் வேலையில் முக்கால்வாசி ரேம் வேலைதான். 72 பின் கொண்ட ரேம் அது. பென்டியம் போர்டில் ஒற்றையாகப் போட்டால் ஓடாது, ஜோடியாகத்தான் போட வேண்டும். ப்ராசசர் ஒரே மூச்சில் 64 பிட் கேட்கும். ஒரு ரேம் 32 பிட்தான் கொடுக்கும். இதை முதலாளி எனக்கு எந்தப் புத்தகமும் இல்லாமல் விளக்கினார்: “ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தாண்டா பல்லக்கு நகரும்.”

ரேமின் தங்க முலாம் பூசிய பற்களை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டால் செத்த கம்ப்யூட்டர் உயிர்பெறும். டிஸ்பிளே வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு நாங்கள் செய்தது இதுதான். பெசன்ட் நகர், திருவொற்றியூர் என்று கடலோரத்திலிருந்து வரும் பெட்டிகளில் இது இன்னும் அதிகம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து பற்களின்மேல் மெல்லிய படலம் கட்டிவிடும். இன்று நான் அழிரப்பரைக் கடைசி வழியாகத்தான் எடுக்கிறேன். அழுத்தித் தேய்த்தால் முலாமும் சேர்ந்து போகும், துகள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைப்பதே நல்லது.

1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் பெரிய பூகம்பம் வந்தது. எங்கோ நடந்த பூகம்பத்துக்கும் ரிச்சி தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. சில நாட்களிலேயே புரிந்தது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று ரேம் ஏறியது. சிப் தயாரிப்பது உலகத்தில் சில இடங்களில்தான். அந்த இடம் ஆடினால் எங்கள் கல்லாவும் ஆடும். அப்போது ஒரு கல்லூரிப் பேராசிரியர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பழைய விலைக்கே அவருக்கு ரேமைக் கொடுத்தார் முதலாளி. அந்தப் பேராசிரியர் அதற்குப் பிறகு இருபது வருடம் வேறு கடைக்குப் போகவில்லை.

சூடு ஒரு பிரச்சினையாகத் தலைதூக்கியது 2000க்குப் பிறகு. ப்ராசசர் வேகம் கூடக்கூட வாட்டும் கூடியது. 2004இல் வந்த பென்டியம் 4 ரகங்களில் சில 100 வாட்டைத் தாண்டின. எட்டு வருடத்தில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. பெட்டிகள் மட்டும் பழைய பெட்டிகளாகவே இருந்தன: முன்னால் காற்றுத் துளையே இல்லாத பிளாஸ்டிக் முகப்பு, பின்னால் ஒரே ஒரு விசிறி, சில சமயம் அதுவும் கிடையாது.

2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த வாரத்தில்தான் குரோம்பேட்டையில் ஒரு பிரௌசிங் சென்டர்காரர் கூப்பிட்டார். பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். பகலில் இன்டர்நெட், சாயங்காலம் பையன்கள் கூட்டமாக வந்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுவார்கள். 

“மத்தியானத்துக்கு மேல எல்லா சிஸ்டமும் ஸ்லோ ஆயிடுது அண்ணே. பசங்க சண்டைக்கு வர்றாங்க. எல்லாத்துலயும் ரேம் டபுள் பண்ணிடுங்க” என்றார்.

பன்னிரண்டு ரேம் விற்கும் வாய்ப்பு. எடுத்துக்கொண்டுதான் போனேன். உள்ளே நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தது. ஏசி பழுதாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. எல்லாப் பெட்டிகளின் பக்கத் தகடும் கழற்றப்பட்டு, நடுவில் ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மரப் பலகைத் தடுப்புக்குள் ஒவ்வொரு பெட்டியும் அடைபட்டிருந்தது. ஒரு பெட்டியின்மேல் கையை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

அங்கேதான் எனக்கு விஷயம் தெளிவானது. பென்டியம் 4 அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆடுகிறவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிவது ‘ஸ்லோ’ மட்டும். ஸ்லோ என்றால் ரேம் போதவில்லை என்பது எங்கள் தெருவே அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கொண்டுபோன ரேம்களைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு ஆசாரியை வரவழைத்துத் தடுப்புப் பலகைகளின் பின்புறத்தில் ஓட்டை போட்டோம், சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம், ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் காய்ந்து கருங்கல்லாகிப்போன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் போட்டோம், பக்கத் தகடுகளை மாட்டினோம். மறுநாள் சாயங்காலம் சண்டை இல்லை.

விசிறியும் ஹீட்சிங்க்கும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசசரைக் கொண்டுபோக முடியாது. அவை செய்வதெல்லாம் அறைக்கும் ப்ராசசருக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான். இவை இரண்டும் சேர்ந்த ஒரு கூலர் 22 டிகிரி அறையில் ப்ராசசரை 72இல் வைக்கிறது என்றால், 38 டிகிரி அறையில் ஏறத்தாழ 88இல் வைக்கும். வெளிநாட்டுக் குளிர் அறையில் சோதித்துச் சொல்லும் எண்ணோடு நம் ஊர் மே மாதத்தின் பதினைந்து, பதினாறு டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டலைச் செய்யாமல் யாருக்கும் நான் கூலர் விற்பதில்லை.

ரேம் எவ்வளவு கெட்டிப் பொருள் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தேன். முடிச்சூர், கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை என்று தரைத்தளம் மூழ்கிய வீடுகளிலிருந்து சேறு வழிய வழியப் பெட்டிகள் வந்தன. கடை வாசலில் வரிசையாக வைத்தோம். எஸ்எம்பிஎஸ்களை யோசிக்காமல் ஒதுக்கினோம்; அவற்றைக் காப்பாற்ற நினைப்பது ஆபத்து. ஹார்டு டிஸ்க்குகளில் சில பிழைத்தன. ரேம்களை நல்ல தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் அலசி, நாலு நாள் உலர்த்திப் போட்டுப் பார்த்தோம். பெரும்பாலானவை ஓடின. ஓர் அம்மா, இறந்துபோன தன் கணவரின் படங்கள் உள்ளே இருக்கின்றன என்று தினமும் வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய டிஸ்க் பிழைத்தது. படம் திரையில் வந்தபோது அவர் அழுததை நான் மறக்கவில்லை. 

சேற்றில் மூன்று நாள் கிடந்து பிழைக்கும் பொருள், வீட்டில் சும்மா இருக்கும்போது திடீரென்று சாகுமா? சாகலாம், ஆனால் அபூர்வம். அதற்குப் பிறகு யாராவது “ரேம் போயிடுச்சு” என்றால், முதலில் நான் வேறு எதையாவதுதான் சந்தேகப்படுவேன்.

சின்னப் பெட்டிகள் இங்கே பரவலாக வரத் தொடங்கியது பத்து வருடத்துக்குள்தான். அவற்றுக்குள் இருக்கும் மினி ஐடிஎக்ஸ் போர்டு புதிதல்ல. பக்கத்துக்கு 170 மில்லிமீட்டர் கொண்ட அந்தச் சதுரத்தை 2001இலேயே தைவான் நிறுவனமான வியா கொண்டுவந்தது. ஆனால் கேம் ஆடுபவர்கள் அதைக் கேட்டு வந்ததெல்லாம் பின்னால். பழைய மகாபலிபுரம் சாலையில் நாலு பேராக அறை எடுத்துத் தங்கும் ஐடி பையன்கள்தான் முதலில் வந்தார்கள். ஊருக்குப் போகும்போது பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும், வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போக வேண்டும். சாதாரண டவர் பெட்டி நாற்பது, ஐம்பது லிட்டர் கொள்ளளவு. இவர்கள் கேட்டது இருபது லிட்டருக்குக் கீழே, சிலர் பத்துக்கும் கீழே. ஆனால் உள்ளே இருக்கும் ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரிய பெட்டியில் இருக்கும் அதே சாமான்கள். முந்நூறு, நானூறு வாட் சூட்டை ஒரு தண்ணீர்க் கேன் அளவுக்குள் அடைத்து வைக்கும் வேலை இது.

இந்தப் பெட்டிகள் என் பழைய கைப்பழக்கங்களை எல்லாம் மாற்றின. பெரிய பெட்டியில் தகட்டைக் கழற்றினால் ரேம் கைக்கு எட்டும், இரண்டு நிமிட வேலை. சின்னதில் கிராபிக்ஸ் கார்டை எடுக்க வேண்டும், சிலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸைத் தாங்கும் சட்டத்தைக் கழற்ற வேண்டும், கூலரையே இறக்கினால்தான் ரேம் தெரியும் என்ற பெட்டிகளும் உண்டு. ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுக்கப் பையன்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஒயர் எந்த வளைவில் போனது என்பது தெரியாவிட்டால் தகடு மூடாது. அழுத்தி மூடினால் ஒயர் போய் விசிறியில் சிக்கும்.

2018இல் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு சின்னப் பெட்டியில் ரேம் மாற்றக் கூலரை இறக்க வேண்டியிருந்தது. பின்கள் ப்ராசசரின் அடியிலேயே இருக்கும் வகை அது. மூன்று வருடப் பேஸ்ட் பசையாக இறுகியிருந்தது. இடம் இல்லாததால் அவசரத்தில் கூலரை நேராக மேலே இழுத்தேன். பூட்டு போட்டது போட்டபடி இருக்க, ப்ராசசரும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பின்கள் வளைந்திருந்தன. லீட் போட்டு எழுதும் பென்சிலின் உலோக முனையை ஒவ்வொரு பின்னிலும் செருகி நிமிர்த்தினேன், இரண்டு மணி நேரம். ஒன்று ஒடிந்தது. வாடிக்கையாளரிடம் நடந்ததைச் சொல்லி, என் செலவில் வேறு ப்ராசசர் போட்டுக்கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த வகைப் பெட்டி எது வந்தாலும் கூலரைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளகவைப்பேன். அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடதும் வலதுமாக மெதுவாகத் திருகி, பிடி விட்டது கையில் தெரிந்த பிறகுதான் தூக்குவேன்.

சின்னப் பெட்டியில் அளவெடுக்காமல் எதையும் வாங்கக் கூடாது. தட்டையான சில கூலர்களின் உயரம் 37 மில்லிமீட்டர்தான். அதைப் போட வேண்டிய பெட்டியில் ஒளிவிளக்கு வைத்த ரேமை வாங்கிவந்தால், அதன் தலைத்தகடே 40 மில்லிமீட்டரைத் தாண்டி நிற்கும், பெட்டியின் தகடு மூடாது. தகடில்லாத சாதாரண ரேம் 31 மில்லிமீட்டர்தான். கண்ணாடி வழியே கலர் தெரிய வேண்டும் என்று பையன்கள் ஆசைப்படுவார்கள். நான் ஸ்கேலை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்வேன். அளந்தவர்கள் வாதாடுவதில்லை.

மினி ஐடிஎக்ஸ் போர்டில் பெரும்பாலும் இரண்டே ரேம் ஸ்லாட். இரண்டு எட்டு ஜிபி போட்டுவைத்தவர் பிற்பாடு 32 ஆக்க வேண்டுமானால் இரண்டையும் கழற்றிப் போட வேண்டும். அதனால் புதிதாக அசெம்பிள் செய்பவர்களிடம், ஒரே உறையில் வரும் ஜோடியாக முதலிலேயே வேண்டிய அளவு வாங்கிவிடச் சொல்கிறேன். பணம் இல்லை என்றால் 16 ஜிபி ஒற்றை ரேம் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓட்டலாம். ஆனால் ரேமுக்கும் ப்ராசசருக்கும் நடுவே ஒற்றைப் பாதைதான் கிடைக்கும், கேமில் அது தெரியும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ப்ராசசரின் உள் கிராபிக்ஸை நம்பும் பெட்டிகளில் மிக அதிகமாகத் தெரியும். அந்தப் பல்லக்குக் கதை இன்றும் செல்லும்.

கையடக்கக் கேமிங் பெட்டிகளில் சில, லேப்டாப்பில் போடும் குட்டி ரேமைத்தான் ஏற்கும். சிலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும், ஆயுசுக்கும் மாற்ற முடியாது. டெஸ்க்டாப் ரேம் தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பற்கள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்று அழுத்தி ஸ்லாட்டை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பெட்டியின் மாடலையும் போர்டின் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று போனிலேயே சொல்லிவிடுவது அதனால்தான்.

2025 மே மாதம் ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். மேற்கு மாம்பலம். குளியல் துண்டில் சுற்றி, மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்கள். பதினெட்டு லிட்டர் பெட்டி, அழகாக அசெம்பிள் செய்தது. டிடிஆர்5 ரேம் 16 ஜிபி.

“அங்கிள், கேம் ஆரம்பிச்சு நாப்பது நிமிஷத்துல க்ளோஸ் ஆயிடுது. சில நேரம் நீலத் திரை. ரேம்தான் ப்ராப்ளம்னு எல்லாரும் சொல்றாங்க. 32 ஆக்கிடுங்க.”

“ஏற்கெனவே ஒரு கடையில ரேமை மாத்திக் கொடுத்தாங்க சார். ரெண்டு நாள்ல திரும்பவும் அதே கதை” என்றார் அப்பா. சலிப்பு குரலில் தெரிந்தது. 

இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். ஒரு பிழை இல்லை. காலையில் கடையில் கேமை ஓட்டினோம். ஏசி அறை, ஒரு மணி நேரம், ஒன்றும் ஆகவில்லை. இந்த இடத்தில்தான் பல சர்வீஸ்காரர்கள் “நல்லாத்தானே இருக்கு” என்று கொடுத்தனுப்புவார்கள். முன்பெல்லாம் நானும் அனுப்பியிருக்கிறேன். அன்று, “வீட்டுக்கு நானே கொண்டுவர்றேன் சார்” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் பையனின் படிப்பு மேஜைக்குக் கீழே மூன்று பக்கமும் பலகை அடைத்த ஒரு மாடம். பெட்டி அதற்குள்தான் இருக்குமாம். அறைக்கு ஏசி கிடையாது, சாயங்காலம் ஆறு மணிக்கு 35 டிகிரி. பெட்டியை அதே இடத்தில் வைத்து, கேமை ஓடவிட்டு, சூட்டுமானியைத் திரையோரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். டிடிஆர்5 ரேமில் சூட்டை அளக்கும் உணரி உள்ளேயே இருக்கிறது. அதைப் படிக்க இலவச மென்பொருளே போதும். ஆரம்பத்தில் ரேம் 50 டிகிரி. இருபது நிமிடத்தில் 74. முப்பத்தைந்தில் 86. நாற்பத்தொன்றாம் நிமிடம் கேம் மூடிக்கொண்டது.

இரவெல்லாம் தேறிய ரேம் இங்கே ஏன் தோற்றது? மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. கேம் ஓடும்போது அதே கார்டு இருநூறு வாட்டுக்குமேல் சூட்டைக் கக்குகிறது. இப்போது வரும் கார்டுகள் பலவற்றில் கடைசி விசிறி காற்றைக் கார்டின் ஊடாக நேராக மேலே தள்ளுகிறது. பெரிய பெட்டியில் அந்த அனல் கலைந்துபோகும். சின்னப் பெட்டியில் அதற்கு நேர் மேலே நாலு விரல்கடையில் நிற்பது ரேம். போதாததற்கு, முன்பெல்லாம் போர்டில் இருந்த மின்னழுத்தச் சீராக்கி டிடிஆர்5இல் ரேமின் மேலேயே ஏறிவிட்டது; அதுவும் தன் பங்குக்குச் சூடாகிறது. ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்சாரம். சூடு ஏற ஏற அந்தத் துளி வேகமாகக் கசியும். அதனால்தான் 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்று ரேம் விதிமுறையே சொல்கிறது. பையன் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போட்டு, விதி தரும் அடிப்படை வேகமான 4800ஐத் தாண்டி 6000இல் ஓட்டிக்கொண்டிருந்தான். குளிரில் அந்த வேகம் தாங்கும். அந்த மாடத்தில் தாங்கவில்லை. 

பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்த இரண்டு விசிறிகளும் காற்றை உள்ளே தள்ளும்படி மாட்டப்பட்டிருந்தன. கீழே இருந்து கார்டு அனலை மேலே தள்ளுகிறது, மேலிருந்து விசிறி அதை அமுக்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ரேம். விசிறியின் சட்டத்தில் காற்று எந்தப் பக்கம் போகும் என்று சின்ன அம்புக்குறி இருக்கும். அது இல்லாவிட்டால், விசிறியைத் தாங்கும் நாலு கால் இருக்கும் பக்கம் காற்று வெளியேறும் என்று வைத்துக்கொள்ளலாம். மேல் விசிறிகளைத் திருப்பி, காற்று வெளியேறும்படி மாட்டினேன். கீழே இரண்டு மெல்லிய விசிறிகளைக் காற்று உள்ளே வரும்படி வைத்தேன். கிராபிக்ஸ் கார்டின் மின் வரம்பை 85 சதவீதமாக்கினேன். பையன் முகம் வாடியது. ஓட்டிப் பார்த்து, நொடிக்கு மூன்று நான்கு ஃபிரேம்தான் குறைகிறது என்று அவனே எண்ணிச் சொன்னான். ப்ராசசரையும் 65 வாட்டில் நிறுத்தினோம். பெட்டியை மாடத்திலிருந்து எடுத்து மேஜைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம்.

அன்று இரவு ஒன்பதரை வரை அங்கேயே இருந்தேன். பையனின் அம்மா தோசை சுட்டுப் போட்டார்கள். இரண்டு மணி நேரம் ஆடிய பிறகும் ரேம் 69ஐத் தாண்டவில்லை. இரண்டு விசிறிகளின் விலையும் என் கூலியும் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கதை அங்கே முடியவில்லை. கேம் ஓடும்போது ரேமில் எவ்வளவு செலவாகிறது என்றும் பார்த்தோம். கேம், பின்னால் திறந்துகிடந்த பிரௌசர், பேசுவதற்கான செயலி எல்லாம் சேர்ந்து 16இல் பதினைந்தரை. அவனுக்கு உண்மையிலேயே ரேமும் தேவைதான். அதைச் சொன்னேன். “சூடு அடங்கிடுச்சு, இப்போ போட்டா பிரயோஜனம் இருக்கு” என்றேன். ஜூனில் வந்து 32 ஜிபி ஜோடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். சூட்டைக் கவனிக்காமல் மே மாதமே அதைப் போட்டிருந்தால், புது ரேமும் நாற்பதாவது நிமிடத்தில் கவிழ்ந்திருக்கும். அந்த அப்பா ரேம் என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டார்.

போட்டுக்கொடுத்த அன்று இரவு பத்தரைக்கு அந்தப் பையனே போன் செய்தான். “அங்கிள், மின்சாரம் போய் வந்ததுல பயாஸ் செட்டிங் அழிஞ்சிருக்கும்போல. ஆன் பண்ணா டிஸ்பிளே வரல. விசிறி மட்டும் சுத்துது.” அணைக்காமல் பொறுத்திரு என்றேன். டிடிஆர்5 போர்டுகள் புது ரேமைப் பார்த்தாலோ, செட்டிங் அழிந்தாலோ, அந்த ரேமோடு பேசிப் பழகச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பதறி நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாலாவது நிமிடம் “வந்துடுச்சு அங்கிள்!” என்று கத்தினான். இப்போதெல்லாம் டிடிஆர்5 போட்டுக்கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுக்கிறேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ரேம் விலை மறுபடி ஏறத் தொடங்கியது. இந்த முறை பூகம்பம் இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் ரேம் சிப்புகளை அள்ளிக்கொள்கின்றன. 2025 டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த க்ரூசியல் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ரிச்சி தெருவில் மீண்டும் காலை விலை வேறு, மாலை விலை வேறு. இந்த நேரத்தில் தேவையில்லாமல் ஒருவருக்கு ரேம் விற்பது வியாபாரம் இல்லை, அநியாயம்.

என் முதலாளி காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. கடையில் இப்போது நாலு பையன்கள் இருக்கிறார்கள். எல்லோரும் என்னைவிட வேகமானவர்கள், எண்களை என்னைவிட நன்றாகப் படிப்பவர்கள். அவர்களுக்கு நான் சொல்லித்தருவது ஒரு வரிசைதான். வந்தவர் சொல்வதை முழுக்கக் கேள். பெட்டி வீட்டில் எங்கே இருக்கிறது, அறையில் ஏசி உண்டா என்று கேள். கையை வைத்துப் பார். தூசியைத் தட்டு, புளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள், தறிகெட்டுச் சுற்றவிடாதே. காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார். அதன் பிறகு கேமை ஓடவிட்டு, ரேம் உண்மையில் நிரம்புகிறதா என்று பார். நிரம்பினால்தான் ரேம்.

வாசகர்களுக்கும் அதையே சொல்வேன். உங்கள் பிள்ளையின் சின்னப் பெட்டி திணறினால், கடைக்குக் கிளம்பும் முன் அதை மேஜை மாடத்திலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தூசி வலையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இதற்குக் காசு ஆகாது. அப்படியும் சரியாகவில்லை என்றால் கொண்டுவாருங்கள், பெட்டி வீட்டில் இருந்த இடத்தின் ஒரு படத்தோடு.